இரண்டாம் கியர் கரகரத்தால் முதலில் கிளட்சைப் பாருங்கள்

கேள்வி: என் 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரவென்று சத்தம். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு தரகர். வீட்டில் பழுதுபார்க்க முடியுமா?

பாதி வேலையை வீட்டில் செய்யலாம். அந்தப் பாதியிலேயே கோளாறு தீர்ந்துவிடவும் கூடும். தரகருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வண்டியின் அடியில்கூடப் பார்க்காமல் "கியர்பாக்ஸ் போச்சு" என்று சொல்பவருக்குக் கமிஷன்தான் கணக்கு.

எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, பத்து வினாடி பிடித்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி ஓசையின்றி இணைக்கும் வளையம்) இல்லாததால், உள்ளே சுழற்சி நிற்காவிட்டால் உடனே கரகரக்கும். அப்படியானால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். ஒரு விஷயத்தில் குழம்ப வேண்டாம்: 1967 வரை வந்த பழைய எம்ஜிபிக்கு முதல் கியரிலும் சிங்க்ரோ கிடையாது. வண்டி உருளும்போது அதில் முதல் கியர் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். அது பழுதே அல்ல. உங்களுடையது பிந்தையது, நான்கு முன் கியருக்கும் சிங்க்ரோ உண்டு.

கிளட்ச்தான் என்றால், பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு (மிதிப்பைத் திரவ அழுத்தமாக மாற்றுவது) சேர்க்கும் 5/16 அங்குல கிளெவிஸ் பின்னைக் கழற்றுங்கள். பின்னின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், பெடலின் துளை முட்டைபோல நீண்டிருக்கும். பின் மலிவானதுதான், ஆனால் அதன் தேய்மானம் கீழே, அந்த அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் நகர்வைத் தின்றுவிடும். ஒருவர் மிதிக்க, ஸ்லேவ் தண்டு சுமார் அரை அங்குலம் நகர வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். நகர்வு குறைவென்றால் திரவத்தில் காற்று, சீல் கசிவு, உள்ளே வீங்கிய ரப்பர் ஹோஸ் மூன்றையும் பாருங்கள். காற்றெடுக்க, ஸ்லேவ் நிப்பிளிலிருந்து மேல்நோக்கித் திரவத்தைத் தள்ளுவது எளிது. தொட்டி பொங்கினால் பெயிண்ட் போய்விடும்.

சிங்கப்பூரில் கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டியை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். நின்றே கிடக்கும் வண்டியில் சீல் காய்ந்து, நம் ஊர் ஈரத்தில் கிளட்ச் தட்டும் துருவேறுகிறது. சரிபார்க்க ஒரு சுற்று போனாலும் ஒரு நாள் கழிகிறது. பராமரிப்புக்கென்று அரசு கூடுதலாகச் சில நாள் ஒதுக்கினால் என்ன குடி முழுகிவிடும்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் பழுதுபார்க்கவும் அனுமதியில்லை. தரைவீட்டு முற்றமோ தெரிந்தவர் வொர்க்‌ஷாப்போதான் வழி.

ரிவர்ஸ் மௌனமாக விழுந்தால் கிளட்ச் சரி, கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுங்கள். இந்தப் பெட்டிக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில், ஓவர்டிரைவ் (வேகப் பயணத்துக்கான கூடுதல் கியர் அமைப்பு) இல்லாவிட்டால் ஏறக்குறைய 3 லிட்டர். கடைக்காரர் "கியர் ஆயில்" என்று ஜிஎல்-5 நீட்டினால் வாங்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மம் பித்தளைச் சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். நிரப்பும் மூடி திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடியுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

வடித்த ஆயிலில் காந்தத்தை விடுங்கள். காந்தத்தில் ஒட்டாத தங்க நிறத் தூள் என்றால் வளையம் தேய்கிறது. எஃகுச் சிம்பு ஒட்டினால் பேரிங் அல்லது பல். எஃகுச் சிம்பு என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். அதற்கு மேல் வீட்டு வேலை இல்லை: எம்ஜிபியில் எஞ்சினை எடுக்காமல் கியர்பாக்ஸ் வெளியே வராது, ஹாய்ஸ்ட் (பாரந்தூக்கி) வேண்டும். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, வளையம், பேரிங், லேஷாஃப்ட் (பெட்டிக்குள் இருக்கும் துணைத் தண்டு) என்று பொருள்வாரியாக விலை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்கள் கைக்கு வந்த பிறகே பாக்கியைக் கொடுங்கள்.