மொரீஷியஸ்: சர்க்கரை, ஓட்டு, ரூபாய் நோட்டு (கேள்வி பதில்)

சார், மொரீஷியஸை ஆப்பிரிக்காவின் அதிசயம் என்கிறார்கள். 1968இல் விடுதலை கிடைத்தபோதே அந்த நம்பிக்கை இருந்ததா?

எங்கே? பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் மீட், 1961இல் கொடுத்த அறிக்கையில் கையை விரித்துவிட்டார். ஜனத்தொகை எகிறிக்கொண்டிருந்தது, ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். 1967 தேர்தலில் சுமார் 44 சதவீத ஓட்டு, விடுதலையே வேண்டாம் என்ற கெய்தான் துவாலின் கட்சிக்கு விழுந்தது. இந்திய வம்சாவளியினரின் ஆட்சி வந்தால் தங்கள் கதி என்ன என்ற பயம் மற்றவர்களுக்கு. 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸில் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டு, பிரிட்டிஷ் படை வந்து அடக்கியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 12இல் கொடி ஏறிவிட்டது.

கரும்புத் தோட்டங்கள் பிரெஞ்சு வம்சாவளியினர் கையில்தானே? அரசு பிடுங்கிக்கொள்ளவில்லையா?

இல்லை. என் பார்வையில் மொத்தக் கதையின் சூட்சுமமே இதுதான். ஓட்டு ஒரு பக்கம், நிலமும் ஆலையும் இன்னொரு பக்கம். முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் சொத்தைத் தொடவில்லை. சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி போட்டார். 1975 லோமே உடன்படிக்கையில் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலைக்கு வாங்க ஐரோப்பா ஒப்புக்கொண்டது. பெரும்பாலான ஆண்டுகளில் அது உலகச் சந்தை விலையைவிட அதிகம். அந்தப் பணத்தில் அரசின் பங்கு ஓய்வூதியம், மருத்துவமனை, 1977 முதல் இலவச உயர்நிலைக் கல்வி என்று போனது. முதலாளிகளின் பங்கு ஓட்டலுக்கும் துணி ஆலைக்கும் போனது. கொள்ளைக்காரர்களை விட்டுவைத்தார் என்று இடதுசாரிகள் திட்டினார்கள். திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் மூலதனம் வெளிநாட்டுக்கு ஓடாமல் தீவிலேயே தங்கியது.

பருத்தியே விளையாத ஊரில் ஆயத்த ஆடைத் தொழில் எப்படி?

1970இல், ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. ஹாங்காங் ஆலைகளுக்கு ஐரோப்பாவில் கோட்டா, அதாவது இறக்குமதி உச்சவரம்பு, இடித்தது. மொரீஷியஸ் வழியாகப் போனால் பிரச்சினை இல்லை. உள்ளூர்ச் சீன வணிகர்கள் பாலமானார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், முதல் தடவையாகச் சம்பளம் வாங்கியவர்கள். அப்புறம் 2005இல் துணிக் கோட்டா முறை ஒழிந்தது. 2006இலிருந்து ஐரோப்பா சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது. அடி மேல் அடி. சுற்றுலாவும் நிதிச் சேவையும்தான் தாங்கிப் பிடித்தன.

நிதிச் சேவை என்றால் வரி ஏய்ப்புதானே?

ஏய்ப்பு என்று சொல்ல முடியாது, சட்டமே அனுமதித்தது. இந்தியாவோடு 1982இல் போட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி, மொரீஷியஸ் கம்பெனி இந்தியப் பங்கு விற்ற லாபத்துக்கு மொரீஷியஸில்தான் வரி என்றிருந்தது. அங்கே அந்த வரியே கிடையாது! ஆகவே போர்ட் லூயிஸில் ஒரு முகவரி போதுமாக இருந்தது. 2016இல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியா வரி போட வழிசெய்தார்கள்.

அண்ணா, அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதாமே?

இருக்கிறது, தமிழ் எண்களோடு. பிரெஞ்சு ஆட்சியில், 1730களில் ஆளுநராக வந்த லா பூர்தொன்னே காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞர்கள் போய்விட்டார்கள். மற்ற இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருமளவில் வந்தது 1834 முதல். தமிழர்கள் முதலில் வந்ததால் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்பது வழக்கமான வரிசை. 1998இல் வந்த புது நோட்டில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே இறங்கியது. தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். 100 ரூபாயில் இருக்கும் ரெங்கநாதன் சீனிவாசன் தமிழ் வம்சாவளித் தலைவர். விடுதலையை எதிர்த்த துவால் 1000 ரூபாயில் இருக்கிறார், ராம்கூலம் 2000இல். எதிரியை நோட்டில் போடுகிற பெருந்தன்மை எல்லா நாட்டுக்கும் வராது.

தோற்றவருக்கும் எம்.பி. பதவி தருவார்களாமே?

ஆமாம். 62 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்ததோ, அதில் நன்றாக ஓட்டு வாங்கித் தோற்றவர்களுக்கு 8 இடம் வரை உண்டு. கணக்குக்கு இன்றும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். அதற்குப் பிறகு சமூகம் கேட்கப்படவில்லை. கேலிக்கூத்துதான். ஆனால் 1982, 1995, 2024 என மூன்று முறை ஒரே அணி முக்கியத் தீவின் 60 இடங்களையும் அள்ளிய ஊரில், எதிர்க்கட்சி வரிசையில் ஆள் உட்கார இதுவும் ஒரு வழி.

சாகோஸ் தீவுகள் திரும்பக் கிடைத்துவிட்டனவா?

விடுதலைக்கு முன்பே, 1965இல் பிரிட்டன் இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து தனியாகப் பிரித்து, 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. அவற்றில் பெரிய தீவான டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க 1973க்குள் குடிகளை எல்லாம் வெளியேற்றினார்கள். அந்தப் பிரிவினை சட்டப்படி செல்லாது என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025 மே 22இல் கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தரவும், தளத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு பிரிட்டனிடமே விடவும் சொல்கிறது. விரட்டப்பட்ட சாகோஸ் மக்களில் பலர், எங்களை யார் கேட்டீர்கள் என்று இரு அரசுகள் மீதும் கோபமாக இருக்கிறார்கள். போர்ட் லூயிஸின் குடிசைப் பகுதிகளில் அவர்களை எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் அந்தக் கோபம் புரியும்.