அதிகாலை 3 மணிக்கு எழுந்ததும் தலை கனப்பது ஏன்?

கேள்வி: நீலகிரியின் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு ஓட்டுகிறேன். இரவு 9.30-க்குப் படுத்து 3 மணிக்கு எழுகிறேன். ஒரு மணி நேரத்துக்குத் தலை கனமாக, கிறுகிறுப்பாகவே இருக்கிறது. டீ குடித்தும் தெளியவில்லை. குளிருக்கு அறையில் கரி அடுப்பு வைத்துக்கொள்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: தூக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தக் கரி அடுப்பை இன்றே அறையைவிட்டு வெளியே வையுங்கள். புகை அடங்கித் தணலாகக் கனன்றால் ஆபத்தில்லை என்று மலையில் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காலையில் தலைவலி, குமட்டல், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை, வெளிக்காற்றில் நடந்தால் தெளிவது என்றால் அடுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்ப வேண்டாம். அந்தக் கருவிக்கு இரண்டு வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மயக்கமோ வாந்தியோ இருந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து மருத்துவமனைக்குப் போங்கள். குளிருக்கு வெந்நீர்ப் பையும் கூடுதலாக ஒரு கம்பளியும் போதும். கம்பளியைத் தலை வரை இழுத்து மூடாதீர்கள்.

அடுப்பை எடுத்த பிறகும் கனம் இருந்தால், அது பெரும்பாலும் தூக்க மந்தம். மூளை ஒரே நொடியில் விழிப்பதில்லை. பொதுவாக 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். தூக்கம் போதாதவர்களுக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். உங்களுக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஐந்தரை மணி நேரத் தூக்கம் குறைவு. மேலும் 3 மணி என்பது உடல் வெப்பம் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கும் நேரம். 90 நிமிடத் தூக்கச் சுற்றுக் கணக்குப் போட்டு அலாரம் வைக்கச் சிலர் சொல்வார்கள். சுற்றின் நீளம் ஆளுக்கு ஆள், இரவுக்கு இரவு மாறும் என்பதால் அதில் பெரிய பயன் இல்லை.

உண்மையான மருந்து 8 மணிக்குப் படுப்பதுதான். ஒரே நாளில் மாற்றினால் தூக்கம் வராமல் புரள்வீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். கடைசி டீ பகல் 1 மணியோடு சரி. மாலை டீயின் கஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். லோடு இல்லாத நாளில் 7 மணி வரை தூங்கினால் மறுநாள் 3 மணி இன்னும் கசக்கும். அதற்குப் பதில் மதியம் 20 நிமிடம் கண்ணயரலாம்.

எழுந்ததும் டீயை முதலில் குடியுங்கள். கஃபீன் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் டீ முதல் சில வளைவுகளுக்கு உதவாது. டியூப் லைட்டைப் போட்டு, முகம் கழுவி, தார்ப்பாய்க் கயிறு, டயர் காற்று, பிரேக் என்று நடமாடியபடியே பாருங்கள். எழுந்து முக்கால் மணி நேரத்துக்குப் பிறகே வண்டியை எடுங்கள். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அரை நொடித் தாமதமும் பெரிது. அலாரத்தை நிறுத்தி நிறுத்திப் பத்து நிமிடம் இழுப்பது தூக்கத்தையும் தராது, தெளிவையும் தராது.

சளிக்கு இரவில் போடும் மாத்திரையையும் பாருங்கள்: செட்டிரிசின், குளோர்பெனிரமைன் இரண்டும் விடிந்த பிறகும் மந்தமாக்கும். போதுமான தூக்கம் கிடைத்தும் மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை என்றால், ஹீமோகுளோபினும் தைராய்டும் சோதியுங்கள். பலத்த குறட்டை, எழும்போது வாய் வறட்சி, பகலில் சொக்குதல் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் ஒருவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லி, அந்தத் தகவலோடு மருத்துவரிடம் போங்கள்.