எடைக்குறைப்பு மருந்தான செமாகுளுட்டைடு ஊசிக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டை சாத்தியமா?

சாதாரண ஒட்டுப்பட்டையால் முடியாது. தோலின் மேலடுக்கு சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) உட்பட்ட மூலக்கூறுகளையே எளிதில் உள்ளே விடும்; செமாகுளுட்டைடு ஏறக்குறைய 4,100 டால்டன். இணையத்தில் விற்கும் வெறும் "எடைக்குறைப்பு" பட்டைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ஆய்வில் இருப்பது கரையும் நுண்ணூசிப் பட்டை: அதன் சின்னஞ்சிறு ஊசிகள் தோலைத் துளைத்து, உள்ளே கரைந்து மருந்தை விடும். நீரில் கரையும் பொருளான ஹையலுரோனிக் அமிலத்தின் கரைசலில் மருந்தைக் கலந்து சிலிக்கோன் அச்சின் குழிகளில் நிரப்பி, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி உலர்த்துவார்கள். பிறகு மருந்தில்லாத கரைசலால் அடித்தட்டு. அடித்தட்டிலும் மருந்தைக் கலந்தால் பெரும்பகுதி தோலுக்கு வெளியே வீணாகும். காற்றுக்குமிழி மிஞ்சினால் முனை மொட்டையாகும். சூடு கூடினால் பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலியான இந்த மருந்து) கெடும். ஈரக்காற்று பட்டால் ஊசிகள் துவண்டு தோலைத் துளைக்காது. ஈரம் புகாத உறை கட்டாயம்.

பெரிய முட்டுக்கட்டை கொள்ளளவுதான். உடல் பருமனுக்கான வழக்கமான பராமரிப்பு அளவு வாரம் 2.4 மி.கி.; சின்னஞ்சிறு முனைகளில் அவ்வளவு அடைப்பது கடினம்.

இன்னொரு வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. 2017-இல் கொலம்பியா, வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளாலான நானோதுகள்களில் ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்தை அடைத்து, நுண்ணூசிப் பட்டை மூலம் எலிகளின் ஆற்றலைச் சேமிக்கும் வெள்ளைக் கொழுப்பை, பட்டை ஒட்டிய இடத்திலேயே, ஆற்றலை எரிக்கும் பழுப்புக் கொழுப்பாக மாற்றத் தூண்டினார்கள். மருந்து உடல் முழுதும் பரவ வேண்டியதில்லை. ஆனால் எலித்தோல் மெல்லியது. மனிதரின் கொழுப்பு இன்னும் ஆழத்தில் இருக்கிறது.