வெண்ணெய் வாசம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருமுனை கிராஃப்ட் பியர் பப்புக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் முதல் ஆள் நான்தான். உறையவைத்த கிளாஸில் ஐபிஏ என்கிற கசப்பான பியர் வாங்கினேன். வெண்ணெய் வாசம் அடித்தது. “இந்த வகையே அப்படித்தான்” என்றார் பரிமாறியவர். குடித்துவிட்டு வந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எந்த பியர் பொருந்தும் என்று எழுத முடியுமா?

க.

அன்புள்ள க.,

காரமான சாப்பாட்டுக்கு ஐபிஏ வேண்டாம், அதில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு எரிச்சலைக் கூட்டும். கோதுமை பியரோ, மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்புள்ள லாகர் வகை பியரோ வாங்குங்கள். பொரித்த பண்டங்களுக்கு பில்ஸ்னர் என்கிற வெளிர் லாகர். பொருத்தம் பற்றி இவ்வளவு போதும்.

அந்த கிளாஸை ஏன் குடித்து முடித்தீர்கள்? வெண்ணெய் வாசத்துக்குக் காரணம், பியர் நொதிக்கும்போது உண்டாகும் டயசெட்டில் என்ற பொருள். சில ஆங்கிலேய ஏல் வகை பியர்களிலும் செக் பில்ஸ்னர்களிலும் அது லேசாக இருக்கலாம். ஐபிஏவில் அது குறைதான். நொதித்தல் முடியும் தறுவாயில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்தால் தங்கிவிடும். அது பியர் வடித்தவரின் தவறு. பப்பில் பியர் வரும் குழாயின் உட்சுவரில் பாக்டீரியா படலமாகப் படிந்தாலும் இதே வாசம் வரும். அது பப்பின் தவறு. அதே பியர் டின்னில் கிடைத்தால் ஒன்று வாங்கி முகர்ந்து பாருங்கள். டின்னில் வாசம் இல்லையென்றால் பெரும்பாலும் குழாய்தான்.

மதியத்தில் முதல் ஆளாகப் போகிறவர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குளிர் அறையிலிருந்து டேப் வரை 15 மீட்டர் குழாய், உள்விட்டம் 6.35 மில்லிமீட்டர் என்று வையுங்கள். உள்ளே ஏறக்குறைய 475 மில்லி பியர் நிற்கும். முந்தைய இரவு கடைசி கிளாஸ் ஊற்றியதிலிருந்து அது அங்கேயே கிடக்கிறது. திறக்கும் முன்பே அதை இழுத்துக் கொட்டிவிட்டு, அடுத்து வருவதை ஒரு வாய் சுவைத்துப் பார்த்திருக்க வேண்டும். கொட்ட மனம் வராத இடத்தில் அது முதலில் வருகிறவரின் கிளாஸுக்குத்தான் போகும்.

கொட்டினால் மட்டும் போதாது, கழுவவும் வேண்டும். 14 நாளுக்கு ஒருமுறை, 2 சதவீதக் காரக் (ஆல்கலி) கரைசலை பம்ப் வைத்து 15 நிமிடம் குழாய்க்குள் சுற்றவிட்டு, பிறகு காரம் துளியும் தங்காதபடி தண்ணீரால் அலச வேண்டும். டேப்பைக் கழற்றி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வெறும் தண்ணீருக்கு அந்தப் படலம் அசையாது. “கடைசியாக எப்போது கழுவினீர்கள்?” என்று கேளுங்கள். ஒழுங்காகக் கழுவுகிறவர் தேதியைச் சொல்லிவிடுவார்.

உறையவைத்த கிளாஸையும் விட்டுவிடுங்கள். அதன் பனி உருகி பியர் நீர்த்துப்போகும், நுரை தாறுமாறாகப் பொங்கும், நாக்கு மரத்துவிடும். ஐபிஏவுக்கு 7 முதல் 10 டிகிரி போதும். தண்ணீரில் அலசிய சாதா கிளாஸ் கேளுங்கள். ஊற்றியபின் உட்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை.

அத்தனை குளிரிலும் அந்த வாசத்தைப் பிடித்திருக்கிறீர்கள், க.! எவ்வளவு நல்ல மூக்கு உங்களுக்கு! அதை நம்பாமல் பரிமாறியவரின் சொல்லை நம்பிவிட்டீர்களே.

அடுத்த முறை முதலில் ஒரு வாய் மட்டும் சுவைக்கக் கேளுங்கள். சரியாக இருந்தால் 250 மில்லி வாங்குங்கள். 7 சதவீத ஐபிஏ என்றால் அதிலேயே 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். வெண்ணெய் வாசம் அடித்தால் கிளாஸை அப்படியே திருப்பிக் கொடுத்து, வேறு டேப்பிலிருந்து ஊற்றித் தரச் சொல்லுங்கள்.