கம்பியில் படரும் ஆப்பிள், பேரி மரங்களுக்குக் கோடைக் கவாத்து

கேள்வி: சுவரையொட்டிக் கட்டிய கம்பிகளில் ஆப்பிளையும் பேரியையும் படரவிட்டு 6 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒட்ட வெட்டுகிறேன். ஆனாலும் கோடையில் தளிர்கள் ஆளுயரத்துக்கு எழும்பிவிடுகின்றன, காய்களோ சொற்பம். இலையோடு இருக்கும்போது வெட்டினால் மரம் நலிந்துவிடும் என்கிறார்கள். கோடையில் கவாத்து செய்யலாமா?

பதில்: செய்யலாம், உங்கள் மரங்களுக்கு அதுவே தேவை. குளிர்காலத்தில் மரம் தன் உணவைத் தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்திருக்கிறது. அப்போது ஒட்ட வெட்டினால், அந்தச் சேமிப்பு முழுவதும் எஞ்சிய சில மொட்டுகளுக்கே பாய்ந்து, நீங்கள் காணும் ஆளுயரத் தளிர்களாகக் கிளம்புகிறது. கோடையின் பிற்பகுதியில் வெட்டும்போது உணவு தயாரிக்கும் இலைகளே குறைவதால் வளர்ச்சியின் வேகம் தணிகிறது. காய்களின் மீது வெயில் பட்டு நிறம் ஏறுகிறது. வெளிச்சம் பெற்ற அடிமொட்டுகள் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகளாகத் திரள்கின்றன. மரம் நலியும் என்பவர்கள் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. இன்னும் வளர வேண்டிய இளமரத்துக்கு அது கேடுதான். உங்களுடையதைப் போல அடங்காமல் வளரும் மரத்துக்கோ அந்தத் தளர்ச்சியே நன்மை.

காலத்தைக் கணிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். புதுத்தளிரின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்காவது முற்றி விறைத்திருக்க வேண்டும். கையால் வளைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நாடுகளில் பேரி ஜூலை நடுவிலும், ஆப்பிள் பெரும்பாலும் ஆகஸ்டின் பிற்பாதியிலும் இந்நிலையை எட்டும். அவசரப்பட்டு முன்னதாக வெட்டினால், வெட்டிய இடத்திலேயே மீண்டும் தளிர்த்து உங்கள் உழைப்பு வீணாகும்.

முதன்மைக் கிளையிலிருந்து நேரடியாக எழுந்து 20 செ.மீ.க்கு மேல் நீண்ட புதுத்தளிரை, அதன் அடியில் நெருங்கியிருக்கும் இலைக்கொத்தைக் கணக்கில் சேர்க்காமல், அதற்கு மேல் மூன்று இலைகளை விட்டு வெட்டுங்கள். ஏற்கெனவே உள்ள பக்கக்கிளையிலிருந்தோ காய்க்கும் குறுங்கிளையிலிருந்தோ எழுந்ததாயின், இலைக்கொத்துக்கு மேல் ஓர் இலை விட்டால் போதும். 20 செ.மீ.க்குக் குறைந்த தளிர்களை அருள்கூர்ந்து தொடாதீர்கள். அவற்றின் நுனியில் பெரும்பாலும் பூமொட்டு அமைந்திருக்கும், அதைக் கிள்ளினால் வரும் ஆண்டின் காயையே இழப்பீர்கள். செங்குத்தாகப் பாயும் முரட்டுத் தளிர்களை அடியோடு நீக்கிவிடலாம். கம்பியின் முனையை இன்னும் எட்டாத கிளைகளின் நுனித்தளிரை வெட்டாமல் கம்பியோடு இழுத்துக் கட்டுங்கள்.

இனிக் குளிர்காலத்தில் நெருங்கிப்போன குறுங்கிளைகளைக் களைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தழைச்சத்து உரத்தையும் இந்த ஆண்டு தவிர்த்துவிடுங்கள். கவாத்துக்குப் பின்னும் சில தளிர்கள் மீண்டும் துளிர்க்கக்கூடும். அவற்றை செப்டம்பரில் வெட்டிவிட்டால் போதும்.