சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் 128 ஜிபி எஸ்எஸ்டி சி டிரைவாகவும், 1 டிபி ஹார்ட் டிஸ்க் டி டிரைவாகவும் இருக்கின்றன. ஒன்றரை வருடத்தில் சி டிரைவ் நிரம்பிவிட்டது, 3 ஜிபிதான் மிச்சம். விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிடுகிறது. டி டிரைவோ 800 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. சர்வீஸ் செய்பவர், "ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும், இப்படியே விட்டால் எஸ்எஸ்டி செத்துவிடும்" என்கிறார். போன முறையும் அவர்தான் ஃபார்மட் அடித்துக் கொடுத்தார். வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரை அழித்தால் 10 ஜிபி கிடைக்கும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். போன முறை ஃபார்மட் அடித்தீர்கள், ஒன்றரை வருடத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கிறீர்கள். இன்னொரு முறை அடித்தாலும் இதேதான் நடக்கும். சி டிரைவில் எது வந்து சேர்கிறது என்று பார்த்து, அதை டி டிரைவ் பக்கம் திருப்பிவிட வேண்டும். ஒரு மணி நேர வேலை, நீங்களே செய்யலாம்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நிரம்பியதால் எஸ்எஸ்டி செத்துப்போகாது. ஆனால் மெதுவாகும். ஹார்ட் டிஸ்க்கில் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடலாம். எஸ்எஸ்டியில் அது நடக்காது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் அங்கே மறுபடி எழுத முடியும். காலி இடமே இல்லையென்றால் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் உள்ளே இருப்பதை இடம் மாற்றி, அழித்து, அப்புறம் எழுத வேண்டியிருக்கும். உங்கள் அளவு எஸ்எஸ்டியில் 20 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். 128 என்று வாங்கியது 119 என்று காட்டுகிறதே என்று சந்தேகம் வேண்டாம். தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார். விண்டோஸ் 107 கோடியே சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. யாரும் எதையும் திருடவில்லை.

இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் போனால் மேலோட்டமான கணக்கு கிடைக்கும். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரிய விஸ்ட்ரீ என்ற இலவசக் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டுங்கள். சில வினாடிகளில் எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும்.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு கம்ப்யூட்டரும் உங்களுடையதைப் போலத்தான்: சின்ன எஸ்எஸ்டி, பெரிய ஹார்ட் டிஸ்க். அந்த அம்மா கணக்கு எழுதுபவர்; இரண்டு முறை ஃபார்மட் அடித்துத் தந்திருந்தார்கள். விஸ்ட்ரீயை ஓட்டினேன். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்று ஒன்று இருக்கும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் 43 ஜிபிக்கு ஒரே ஒரு ஃபோல்டர். என்னவென்று பார்த்தால், அவருடைய போனின் பேக்கப். சார்ஜ் போட போனைக் கம்ப்யூட்டரில் செருகும்போதெல்லாம் போன் மென்பொருள் தானாகவே பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒன்று நடப்பதே அவருக்குத் தெரியாது. ஃபார்மட் அடித்தவரும் பார்க்கவில்லை. பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது, "இன்னொரு டிஸ்க் காலியாக இருக்கிறது, உங்கள் ஃபைல்களை அங்கே வைக்கட்டுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது. கேட்பதில்லை. டவுன்லோட், போட்டோ, வீடியோ எல்லாம் சி டிரைவிலேயே போய் விழுகின்றன. சின்ன எஸ்எஸ்டியோடு பெரிய ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து விற்கிறவர்களும் அதை மாற்றித் தருவதில்லை. வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். டி டிரைவில் 'டவுன்லோட்ஸ்' என்று புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பழைய டவுன்லோட்ஸ் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் லொகேஷன் என்ற டேப், அங்கே மூவ் பட்டன். நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரைக் காட்டி ஓகே கொடுங்கள். பழைய ஃபைல்களையும் கொண்டுபோகட்டுமா என்று கேட்கும், யெஸ். இதையே வீடியோஸ், பிக்சர்ஸ், மியூசிக் மூன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் வைத்துச் செய்யுங்கள். ஃபோல்டர் உருவாக்காமல் வெறும் டி டிரைவை மட்டும் காட்டிவிட்டால் முழு டிரைவும் டவுன்லோட்ஸ் ஆகிவிடும், திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. டாக்குமெண்ட்ஸும் டெஸ்க்டாப்பும் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) பேக்கப்பில் இருந்தால் முதலில் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அந்த பேக்கப்பை நிறுத்திவிட்டு, அப்புறம் நகர்த்துங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். இதெல்லாம் டி டிரைவ் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருந்தால் மட்டும்தான். உங்களுடையது உள்ளே இருக்கிறது, கவலையில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு லேப்டாப் வைத்திருக்கும் இன்னொருவர், யுஎஸ்பியில் செருகும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் நகர்த்திவிடுவார். ஒரு நாள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் டெஸ்க்டாப் காலி. லொகேஷன் கிடைக்கவில்லை என்று விண்டோஸ் புலம்பும். பயந்துபோய் எதையாவது அழுத்துவார், குழப்பம் இரட்டிப்பாகும். டிஸ்க்கை வேறொரு போர்ட்டில் செருகினால்கூட எழுத்து மாறி, டி என்பது இ ஆகிவிடலாம். அப்போதும் இதே கதைதான். வெளி டிஸ்க் வைத்திருப்பவர்கள் லொகேஷன் டேப் பக்கம் போகாமல், பெரிய வீடியோக்களைக் கையால் அங்கே நகர்த்திக்கொண்டால் போதும். நகர்த்திய பிறகு அந்த டிஸ்க்கில் இருப்பது ஒரே பிரதி என்பதையும் நினைவில் வையுங்கள். அது கீழே விழுந்தால் எல்லாம் போச்சு. உங்கள் டி டிரைவுக்கும் இது பொருந்தும். அதுவும் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க்தான்.

அடுத்தது ஹைபர்னேஷன் ஃபைல். கம்ப்யூட்டரை உறங்க வைக்கும்போது நினைவகத்தில் இருப்பதை எழுதிவைக்க விண்டோஸ் ஒதுக்கியிருக்கும் ஃபைல் இது. வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீதம்; 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இது தேவையே இல்லை. இதை நீக்க ஒரு பட்டன்கூட வைக்கவில்லை. கமாண்ட் ப்ராம்ப்ட்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஹெச்சும், மறுபடி இடைவெளி விட்டு ஆஃப் என்று அடித்து என்டர் தட்டுங்கள். இடம் உடனே திரும்பி வரும். கம்ப்யூட்டர் ஆன் ஆகச் சில வினாடி கூடலாம், அவ்வளவுதான். லேப்டாப்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம். பேட்டரி தீரும்போது திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது இதுதான்.

பிறகு ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ். 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று ஒன்று இருந்தால் அதை டிக் செய்து நீக்குங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸுக்குத் திரும்ப வைத்திருப்பது அது, 10 நாளில் தானே போக வேண்டியது. பல ஜிபி இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். குப்பைகளின் நடுவே உங்கள் சொந்த ஃபைல்களை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் டிக் அடித்துக்கொண்டே போகிறவர்கள் சான்றிதழ், ரசீது என்று எல்லாவற்றையும் இழந்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதில் இருப்பது இன்னும் சி டிரைவில்தான் இருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்ன வின்எஸ்எக்ஸ்எஸ் விஷயம். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் இருந்தால் இரண்டு ஆள் என்று எண்ணுவோமா? அந்த ஃபோல்டரில் இருக்கும் பெரும்பாலான ஃபைல்கள் விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களிலும் வேறு பெயரில் தெரிகிற அதே ஃபைல்கள்தான். எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிவிடுகிறது. அதனால் 10 ஜிபி என்று காட்டினாலும் உண்மையில் அவ்வளவு கிடையாது. அழித்தால் அப்டேட் மட்டுமல்ல, விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டரும் அப்படித்தான். அதை அழித்தால் பிறகு பல மென்பொருள்களை ஒழுங்காக நீக்கவோ புதுப்பிக்கவோ முடியாமல் போகும். ப்ரோகிராம் ஃபைல்ஸை கட் செய்து டி டிரைவில் பேஸ்ட் செய்யும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கிளீனர் மென்பொருள்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் 1,847 பிழைகள்" என்று சிவப்பில் காட்டிப் பணம் கேட்பவை எல்லாம் ஒரே ரகம். ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் செட்டிங்ஸைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, சுத்தம் செய்தால் இடம் கிடைக்காது, அது மொத்தமே சில நூறு எம்பிதான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்து, அதாவது சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை வரிசையாக அடுக்கி, வேகமாக்குகிறோம் என்பதையும் நம்பாதீர்கள். எஸ்எஸ்டிக்கு வேண்டியதை விண்டோஸ் தானாகவே வாரம் ஒருமுறை செய்துகொள்கிறது.

ஃபார்மட் எடுபடவில்லை என்று தெரிந்ததும் உங்கள் சர்வீஸ்காரர் அடுத்து, "பெரிய எஸ்எஸ்டி போட்டுவிடலாம்" என்பார். அது நல்ல யோசனைதான், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள். சந்தை விலையில் பாதிக்கும் குறைவாக 2 டிபி என்று கிடைத்தால் அது பெரும்பாலும் போலி. உள்ளே சின்ன சிப்பை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். ஆரம்பத்தில் எல்லாம் எழுதும், உண்மையான அளவு தாண்டியதும் உங்கள் ஃபைல்கள் உடைந்துபோகும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி டிஸ்க் முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பயன்படுத்தியதைப் புதிது என்று தருகிறவர்களும் உண்டு. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியைத் திறந்து 'பவர் ஆன் ஹவர்ஸ்' பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது ஒன்றிரண்டு மணி நேரம்தான் காட்ட வேண்டும். 4,000 என்று காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

பழையதை அப்படியே புதியதில் நகலெடுத்தால் போதும், அதற்கும் ஃபார்மட் தேவையில்லை. நகலெடுத்த பிறகு சி டிரைவ் இன்னும் 119 ஜிபிதான் காட்டுகிறது, பெரிதாக்கும் பட்டன் மங்கிக் கிடக்கிறது என்றால், நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பகுதி) உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இதைக் காட்டியும் ஃபார்மட்டுக்கு ஆள் பிடிப்பார்கள். நகலெடுக்கும் மென்பொருளிலேயே சி-யின் அளவைக் கூட்டிவிட்டுத் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது. தொடங்குமுன், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய எஸ்எஸ்டியை எக்ஸ்சேஞ்ச் என்று கொடுத்துவிடாதீர்கள், உங்கள் ஃபைல்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன.

ஆனால் உங்களுக்கு உடனே புதிய எஸ்எஸ்டி தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. டவுன்லோட்ஸை நகர்த்தி, ஹைபர்னேஷனை நிறுத்தி, 20 ஜிபி காலியானதும் அப்டேட்டை மறுபடி ஓட்டுங்கள். நின்றுபோனால் திரையில் ஒரு பிழை எண் வரும். அதில் 80070070 என்று இருந்தால் இடம் இன்னும் பற்றவில்லை. விஸ்ட்ரீயில் மேலே இருக்கும் ஐந்து ஃபோல்டர்களின் பெயரை எழுதி அனுப்புங்கள். வேறு எண் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். அந்த எண்ணை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.