சோற்றைக் குறைத்தாயிற்று, தினமும் குதித்தாயிற்று: எடை ஏன் நின்றுவிட்டது?

கேள்வி: எனக்கு வயது 42. ஈரோட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. உயரம் 156 செ.மீ. பரிசோதனையில் எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1 என்று வந்ததும் பயந்துபோய், யூடியூப் பார்த்து வீட்டிலேயே உடற்பயிற்சி ஆரம்பித்தேன். வாரம் 6 நாள், தினமும் 40 நிமிடம், பெரும்பாலும் குதிக்கிற பயிற்சிகள். காலையில் தேன் விட்ட ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரே கரண்டி சோறு, ரசம், கொஞ்சம் பொரியல், இரவு 2 சப்பாத்தி, குருமா. காலையும் மாலையும் டீ, கூட பிஸ்கட். முட்டை சாப்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை மீன். 10 வாரம் ஆகிறது. முதல் 3 வாரத்தில் 73.5 கிலோ 71 ஆனது. அப்புறம் அசையவே இல்லை. முழங்கால் வலிக்கிறது, முடி கொட்டுகிறது, மதியம் 3 மணிக்குக் கண் சொருகுகிறது. சோற்றை முழுக்க நிறுத்திவிடவா? இரவுச் சாப்பாட்டை விட்டுவிடவா? புரோட்டீன் பவுடர் வாங்கவா?

பதில்: மூன்றுக்கும் முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். சோற்றை நிறுத்த வேண்டாம். இரவுச் சாப்பாட்டை விட வேண்டாம். பவுடர் இப்போதைக்குத் தேவையில்லை. 10 வாரம் விடாமல் செய்திருக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம். உங்கள் உழைப்பில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் தட்டில் புரதம் போதவில்லை, உங்கள் பயிற்சியில் பளு இல்லை. நீங்கள் சொல்லும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன்.

தட்டிலிருந்து தொடங்குவோம். நீங்கள் எழுதியதை வைத்து, முட்டையும் மீனும் இல்லாத ஒரு நாள் கணக்குப் போட்டேன். பாலில் செய்த ஓட்ஸ் கஞ்சியில் ஏறக்குறைய 10 கிராம் புரதம். மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், பொரியல் எல்லாம் சேர்ந்தும் 6 கிராம் தாண்டாது. ரசத்தில் பருப்பின் வாசனைதான் இருக்கும். டீயில் விடும் பாலும் பிஸ்கட்டும் 5 கிராம். இரவு சப்பாத்தி, குருமா 8 கிராம். மொத்தம் 30 கிராம் அளவுக்குத்தான் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்படி கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று எடுத்தாலே 71 கிலோவுக்கு 59 கிராம் வேண்டும். உணவைக் குறைத்துக்கொண்டே பயிற்சியும் செய்பவருக்கு அதற்கு மேலும் கொஞ்சம் தேவை. 60 முதல் 70 கிராம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது தேவையில் பாதிதான் உள்ளே போகிறது.

இப்படிப் பாதிப் புரதத்தோடு எடை குறையும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. தசைதான் சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்ளும் இடம். சர்க்கரைக்குப் பயந்து உணவைக் குறைத்து, அந்தச் சர்க்கரையை வாங்கும் இடத்தையே சுருக்கிக்கொண்டால் என்ன பயன்? இதனால்தான் பட்டினி வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதல் 3 வாரத்தில் போன இரண்டரைக் கிலோவைப் பற்றியும் தெளிவாகிவிடுங்கள். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்த சர்க்கரை குறையும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் கூடவே வெளியேறும். ஆக, அந்த வேகத்தில் கணிசமான பங்கு தண்ணீருடையது. கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். தினம் 300 கலோரி குறைத்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதுதான் நியாயமான வேகம்.

அப்படியானால் நின்றே போனது ஏன்? உங்கள் 40 நிமிடப் பயிற்சி 250 கலோரி அளவுக்குச் செலவழிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2 கரண்டி சர்க்கரை போட்ட 2 டீயும், கூட 4, 5 பிஸ்கட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவும் திரும்பி வந்துவிடும். தேங்காய், முந்திரி அரைத்துவிட்ட குருமாவும் லேசான பண்டமல்ல. இன்னொன்றும் உண்டு. காலையில் குதித்துக் களைத்துப் போகிறவர்கள் மீதி நாள் முழுக்கத் தங்களை அறியாமலே அசைவைக் குறைத்துவிடுவார்கள். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளையை ஏவுவது, இப்படி.

எண்ணெயைப் பாருங்கள், சோற்றை விட அதுதான் கண்ணுக்குத் தெரியாமல் சேரும். வீட்டில் 4 பேர், மாதம் 4 லிட்டர் செலவாகிறது என்றால் ஆளுக்கு தினம் 33 மில்லி, கிட்டத்தட்ட 280 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று மாதத் தொடக்கத்திலேயே தனியாக அளந்து வைத்துவிடுங்கள். தாளிக்கும்போது கரண்டியை எண்ணுவதை விட இந்த வழி நிலைக்கிறது; நான் பார்த்த வீடுகளில் இதுதான் பலன் கொடுத்திருக்கிறது.

சரி, என்ன சாப்பிடுவது? உங்களுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். தனிச் சமையல் இரண்டு மாதத்துக்கு மேல் எந்த வீட்டிலும் ஓடுவதில்லை. எல்லோருக்கும் ஆகும் சமையலிலேயே அளவை மாற்றிக்கொள்ளலாம்.

காலையில் 2 இட்லி, கெட்டியான சாம்பார், கூட 2 அவித்த முட்டை. 20 கிராம் புரதம் வந்துவிடும். ஓட்ஸ் கெட்டதல்ல; ஆனால் குழைய வேகவைத்து மேலே தேனும் விட்டால் அது சர்க்கரைக் கஞ்சிதான். தேன், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவாக இருந்தாலும் இரத்தத்தில் ஏறுவது சர்க்கரையே. இதைச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கேழ்வரகுக் கஞ்சியும் அப்படியே: கால்சியம் நிறைய உண்டு, ஆனால் நைசாக அரைத்த மாவில் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும்.

மதியம் ஒரு கப் சோறு, 150 கிராம் வரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ரசத்தோடு முடிக்காமல் பருப்புக் கூட்டோ கீரைக் கடைசலோ வையுங்கள், கடைசியில் ஒரு கிண்ணம் தயிர். தட்டில் பாதி இடம் காய்க்கு. கூட்டையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அதே சோறு ஏற்றும் சர்க்கரை குறையும். வரிசையை மாற்றினாலே கிடைக்கிற பலன் இது, காசு செலவில்லை. மீன் வாரம் ஒரு நாள் என்பதை இரண்டு நாளாக்க முடிந்தால் நல்லது. 100 கிராம் மீனில் 20 கிராம் புரதம் இருக்கிறது. வறுவலை விடக் குழம்பு மேல்.

மாலை 4 மணிக்குத்தான் உங்கள் நாள் வழி தவறுகிறது. மதியச் சாப்பாடு போதாமல் பசி, கண் சொருகல், கை பிஸ்கட்டைத் தேடுகிறது. அங்கே சுண்டல் வையுங்கள். 50 கிராம் கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்தால் 10 கிராம் புரதம் கிடைக்கும், 7 மணி வரை வயிறு தாங்கும். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்ளலாம். வேர்க்கடலை மட்டும் ஒரு கைப்பிடிக்குள் இருக்கட்டும், அதில் எண்ணெய் அதிகம். டீயில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

இரவுக்கு அடை அருமையான உணவு. பருப்பு தாராளமாகப் போட்டு அரைத்து, தோசைக்கல்லில் எண்ணெயைத் துடைத்தாற்போல விட்டு இரண்டு. சப்பாத்திதான் வேண்டும் என்றால் தொட்டுக்கொள்ள பச்சைப்பயறு மசாலா, இல்லாவிட்டால் சோயா உருண்டை. உலர்ந்த சோயா 30 கிராமிலேயே 15 கிராம் புரதம் இருக்கிறது. 8 மணிக்குள் சாப்பிட்டுவிட்டு 10, 15 நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ மெல்ல நடங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைப்பதில் இந்தச் சின்ன நடை வியக்கத்தக்க வேலை செய்யும். இப்படிச் சாப்பிட்டால் பவுடர் இல்லாமலே 60 கிராமைத் தாண்டிவிடுவீர்கள்.

அடுத்தது பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்கு இரண்டு கணக்கு சொல்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரம் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. நீங்கள் முதல் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். இரண்டாவதைத் தொடவே இல்லை. வீடியோக்களில் குதிப்பதும் வியர்ப்பதும்தான் பெரிதாகத் தெரியும். வியர்வை எவ்வளவு வந்தது என்பது தசை எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு அளவுகோல் ஆகாது.

முழங்கால் வலியிலும் இதற்குப் பங்கு உண்டு. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு வாரத்துக்கு 6 நாள் குதித்தால், ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை முழங்காலில் விழுகிறது. தொடைத் தசை வலுவாக இருந்தால் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். அது இல்லாதபோது மூட்டே தாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த 6 வாரத்துக்குக் குதிக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம்.

அதற்குப் பதில் திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு நாளும் 30 நிமிடம் இதைச் செய்யுங்கள். கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை; எழும்போது குதிகாலில் அழுத்தம் இருக்க வேண்டும், முழங்கால்கள் உள்பக்கம் சாயக் கூடாது. நம் பஸ்கியின் எளிய வடிவம்தான் இது. அடுத்து சமையல் மேடையில் கை ஊன்றித் தண்டால் 8 முறை. பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி 3 நொடி நிறுத்துவது 12 முறை. ஒரு தோள்பையில் 4 கிலோ அரிசியைப் போட்டு, முன்பக்கம் குனிந்து, முதுகை நேராக வைத்து அதை இடுப்புப் பக்கம் இழுப்பது கைக்குப் 10. கடைசியாக இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய 5 லிட்டர் கேன்களோடு நிமிர்ந்து வீட்டுக்குள்ளேயே ஒரு நிமிடம் நடப்பது. இந்த ஐந்தும் ஒரு சுற்று. 3 சுற்று, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு.

இதில் ஒரே விதி: ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் உடல் நிலை கோணக் கூடாது. 12 முறை சுலபமாக வந்துவிட்டால் பையில் இன்னொரு கிலோ அரிசி. அந்தக் கிலோவைச் சேர்க்காமல் 6 மாதம் அதே பயிற்சியைச் செய்பவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள். முதல் வாரம் இரண்டாம் நாள் உடம்பு வலிப்பது இயல்பு, ஒன்றிரண்டு நாளில் தணியும். மூட்டுக்குள் குத்துகிற வலியோ, வீக்கமோ, கால் மடக்க முடியாமல் பிடித்துக்கொள்வதோ வேறு விஷயம். அப்போது எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியில் நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மீதி நாட்களில் பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் அரை மணி நடை போதும். ஒரு நாள் முழு ஓய்வு.

எடை இயந்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்றால் உங்களுக்கு நம்பிக்கை வராது, அதனால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று ஓர் ஆய்வு சென்னையில் நடந்து 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பிரித்து 3 ஆண்டு கவனித்தார்கள். சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, மாற்றிக்கொண்டவர்களின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பதைத்தான். முள் நகரவில்லை, ஆனால் உள்ளே நல்லது நடந்துகொண்டிருந்தது.

ஆகவே இடுப்பை அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், காலையில், மூச்சை விட்ட நிலையில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது இலக்கு. ஒரேயடியாக அங்கே போக வேண்டாம், மாதம் ஒரு செ.மீ. இறங்கினால் சந்தோஷப்படுங்கள். பையில் எத்தனை கிலோ அரிசி என்பதையும் காலண்டரில் குறித்து வாருங்கள்.

முடி கொட்டுவதை அலட்சியம் செய்ய வேண்டாம். திடீரென்று உணவைக் குறைத்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்வது உண்டு, சாப்பாடு சரியானால் திரும்ப வளரும். ஆனால் களைப்பும் சேர்ந்திருப்பதால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு, பி12 நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைபாடு எச்.பி.ஏ1சி அளவை உள்ளதை விடக் கூட்டிக் காட்டக்கூடும். உங்கள் 6.1-க்குள் அதுவும் ஒளிந்திருக்கலாம். எனவே வெறும் வயிற்றுச் சர்க்கரையும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்த சர்க்கரையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். எச்.பி.ஏ1சி ஏறக்குறைய 3 மாதச் சராசரி என்பதால் அதை மட்டும் இப்போது எடுக்காமல், இந்தச் சாப்பாடும் பயிற்சியும் ஆரம்பித்து 12 வாரம் முடிந்த பிறகு, முன்பு எடுத்த அதே ஆய்வகத்தில் எடுங்கள்.